அழுகைக்கு மானியம்

தாராவியில் அறுபதடி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், பாவம். அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒழுங்கான கக்கூஸ் கிடையாது. குழாய் உண்டு, தண்ணீர் கிடையாது. ஆறு ஃபேனில் மூன்று சுற்றும், இரண்டு சத்தம் மட்டும் போடும், ஆறாவது கழன்று விழுந்து ஹெட்மாஸ்டர் அறையில் கிடக்கிறது. இதையெல்லாம் வருஷா வருஷம் எழுதிப் போட்டும் அரசாங்கத்துக்குக் காது கேட்கவில்லை. திடீரென்று ஒருநாள், அந்தப் பிள்ளைகளின் மனசு எப்படி இருக்கிறதோ என்று அரசாங்கத்துக்குக் கவலை வந்துவிட்டது. அரசாங்கத்துக்குக் கவலை வந்தால் சும்மா வராது. திட்டத்தோடுதான் வரும்.

திட்டத்தின் பெயர் 'மலர்ந்த முகம்'. தொடக்கப் பள்ளிகளில் மனநல ஆலோசகர் வைத்துக்கொள்ள மாநில அரசின் மானியம். நூற்றுப் பத்துப் பக்கத்தில் வழிகாட்டிக் கையேடு. அட்டையில் ஒரு குழந்தை பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். அது வெளிநாட்டுக் குழந்தை.

வேல்ராஜுக்கு இந்தத் திட்டம் தெரியவந்தது மகளால். தோல் பைப் பட்டறையில் கைப்பிடி பின்னுகிறவன் அவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினாலு வயசில் வந்தவன், இருபது வருஷமாக அதே பட்டறை, அதே ஸ்டூல். மகள் முத்துமாரி மூன்றாம் வகுப்பு படித்தாள். ஜூலை மழையில் அவள் அம்மா மாரிசெல்வி காய்ச்சலில் படுத்து, ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு முத்துமாரி அழவில்லை. பதினாறாம் நாளும் அழவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குச் சந்துக் குழாயில் தண்ணீர் வரும். அம்மாவின் நீலக் குடத்தை எடுத்துக்கொண்டு, வரிசையில் அம்மா நிற்கிற இடத்தில் போய் நிற்பாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாயாடி என்று சந்து முழுக்கப் பேர் வாங்கின பிள்ளை அவள்.

"புள்ள அழணும் வேல்ராஜு. உள்ளயே வச்சிருந்தா அது புள்ளையத் தின்னுரும்," என்றார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். எப்படி அழ வைப்பது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. ரெண்டு அடி போட்டுப் பார் என்றுகூட ஒருத்தி சொன்னாள். வேல்ராஜ் கையை ஓங்கினான், பிறகு ஓங்கின கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

ஆகஸ்டில் ஹெட்மாஸ்டர் அனந்தநாராயணன் கூப்பிட்டு அனுப்பினார். மாட்டுங்காவிலிருந்து தினமும் வருகிறவர். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மூன்று பேனா, இது என்றைக்கும் தவறாது. நல்ல மனுஷர்தான். மேலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அதை நம்பிவிடுவார், அது ஒன்றுதான் அவருக்கு வியாதி.

"உம்ம பொண்ணு அட்டெண்டன்ஸுக்குக்கூட வாயத் தெறக்க மாட்டேங்கறா. மிஸ்ஸே பயந்து போயிருக்கா. ஆனா நீர் கவலைப்படாதேயும். கவர்மெண்ட்லேர்ந்து கவுன்சலர் வரப்போறா. கொழந்தைகள் மனசுக்குன்னே படிச்சவா. பேசாத கொழந்தையப் பேச வெச்சுடுவா," என்றார்.

வேல்ராஜுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. "எப்ப சார் வாறாங்க?"

"வந்துடுவா. அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு ஃபார்மாலிட்டி. நம்ம ஸ்கூல்ல அறுபது கொழந்தைகளாவது துக்கமா இருக்குன்னு காட்டணும். அம்பத்தொன்பது இருந்தாக்கூட மானியம் கெடையாது."

"எம்புள்ள ஒண்ணு இருக்கே சார்."

"ஒண்ணு இருந்தா அது துக்கம். அறுபது இருந்தாத்தான் திட்டம்," என்றார் ஹெட்மாஸ்டர். சொல்லிவிட்டு, ஏதோ சரியாகச் சொன்ன திருப்தியில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். போகிற போக்கில், பெற்றோர் பிரதிநிதியாகக் கமிட்டியில் இருக்கச் சொல்லி ஒரு காகிதத்தில் வேல்ராஜிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

சங்கடம் என்னவென்றால், பள்ளியில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், அத்தனையும் சிரிக்கிற பிள்ளைகள். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேரோடு படுத்தெழுந்து, கக்கூஸுக்கு வரிசை, தண்ணிக்கு வரிசை என்று நின்றுவிட்டு வருகிறார்கள். வந்ததும் சிரிக்கிறார்கள். இடைவேளையில் ஹெட்மாஸ்டர் தூணோரம் நின்று எண்ணிப் பார்த்தார். முத்துமாரியோடு சேர்த்து நாலு பேர்தான் தேறினார்கள். அதில் ஒருவனுக்குப் பல்வலி.

அப்போதுதான் ஜம்பு சாருக்கு அழைப்பு போயிற்று. டிரில், டான்ஸ், ஆண்டு விழா நாடகம், எல்லாம் அவர்தான். கழுத்தில் விசில் தொங்கும். கறுப்புப் பலகையில் 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்று பெரிசாக எழுதிப்போட்டு, அழுகைப் பயிற்சியை ஆரம்பித்தார்.

"விசில் ஒரு தடவ அடிச்சா அழுகை. தோள் குலுங்கணும். மூக்க உறிஞ்சணும், ஆனா துடைக்கக் கூடாது. நல்லா அழறவாளுக்கு பிஸ்கட்," என்றார்.

பத்து நாள் பயிற்சி. பிள்ளைகள் இதை ரொம்பப் பிரியமாகச் செய்தார்கள். பியூன் பிரம்மநாயகம் பிஸ்கட் தட்டோடு வாசலில் நிற்பார், விசில் கேட்டதும் உள்ளே வருவார். அழுதால் பிஸ்கட் என்று ஒன்றாம் வகுப்பு முதல் நாலாம் வகுப்பு வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனசில் பதிந்துவிட்டது. கூட்டல் கழித்தல் அவ்வளவு சீக்கிரம் பதிந்ததில்லை. முத்துமாரி மட்டும் கடைசி வரிசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சர்வே நாளன்று செம்பூர் ஆபீஸிலிருந்து வந்தனா மேடம் வந்தார், திட்டத்தின் இணை இயக்குநர். கைத்தறிப் புடவை, கையில் டேப்லட், பின்னால் குடை பிடிக்க ஒரு ஆள். டேப்லட்டில் வரிசையாக ஐந்து முகங்கள். முதல் முகம் அழும், ஐந்தாவது முகம் சிரிக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தன் முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். வேல்ராஜ் கமிட்டி மெம்பராகையால் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பட்டறை முதலாளி சேட்டிடம் அரை நாள் லீவு சொல்லி வந்திருந்தான்.

"சிரிச்ச மூஞ்சியத் தொட்டவங்க உடனே வீட்டுக்குப் போலாம். அழுத மூஞ்சிக்காரங்க இருங்க, உங்களுக்கு இன்னும் இருபத்திரண்டு கேள்வி இருக்கு," என்று பிரம்மநாயகம் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் பிரமாதமாக அழுதார்கள். ஒருத்தி அழுத அழுகையில் வந்தனா மேடமே கைக்குட்டையை எடுத்தார். அறுபத்தொன்று ஆனது. முத்துமாரியின் முறை வந்தபோது மணி மூன்றே முக்கால். அவள் டேப்லட்டைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், ஐந்தாவது முகத்தைத் தொட்டாள்.

"வெரி குட். இந்தக் குழந்தைக்கு ஆலோசனை தேவையில்லை," என்று மேடம் அவள் கன்னத்தைத் தட்டினார்.

வேல்ராஜ் எழுந்துவிட்டான். "மேடம், அது அப்படி இல்ல மேடம், அவ..."

"பேரண்ட்ஸ் பேசக் கூடாதுங்க. டேட்டா கெட்டுடும்."

அதற்குள் முத்துமாரி பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். வேல்ராஜ் பின்னாலேயே போனான். சந்துக் குழாயில் நீலக் குடத்தோடு நின்றிருந்தாள், வரிசையில் நாலாவது ஆள்.

"ஏட்டி, எதுக்கு அந்த மூஞ்சியத் தொட்ட?" என்று கேட்டான்.

ஒரே வார்த்தை சொன்னாள். "தண்ணி."

நவம்பரில் மானியம் வந்து இறங்கியது. ஒரு லாரி நிறைய. ஆலோசனை அறைக்கு இடம் வேண்டுமே, அதற்காக இரண்டாம் வகுப்பைத் தூக்கி வராந்தாவில் போட்டார்கள். காலியான அறைக்கு வானவில் கலரில் பெயின்ட் அடித்தார்கள். சோபா வந்தது, திரைச்சீலை வந்தது, பீன் பேக் ஆறு வந்தது, மன அமைதிக்கென்று மீன் தொட்டி வந்தது, அறைக்குள் நடப்பதைச் செம்பூரிலிருந்தே பார்க்கக் கேமரா வந்தது. மீனுக்குத் தண்ணீர் மாற்ற, பிள்ளைகள் குடிக்கிற டிரம்மிலிருந்து எடுத்தார்கள். கையேட்டில் அறைக்கு வேண்டிய பொருட்களின் பட்டியல் இருந்தது, மொத்தம் நாற்பத்தெட்டு. நாற்பத்தேழாவது, கால் துடைக்கும் மிதியடி. நாற்பத்தெட்டாவது, ஆலோசகர், பகுதி நேரம்.

மிதியடி டிசம்பர் ஒன்றாம் தேதி வந்தது. ஆலோசகர் இருபதாம் தேதி வந்தாள்.

அவள் பெயர் ஜோயா. காட்கோபர்ப் பெண், வயது இருபத்து நாலு இருக்கும். படித்துத் தேறி, இந்தப் படிப்பை நம்பி வந்தவள் என்று முகத்திலேயே தெரிந்தது. தமிழ்ப் பள்ளிக்கு வந்தவளுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. பரவாயில்லை, தாராவிப் பிள்ளைகள் இந்தியில் அவளுக்கே பாடம் எடுப்பார்கள். அவள் பொறுப்பில் பதினோரு பள்ளிகள். இந்தப் பள்ளிக்கு மாதம் இரண்டு புதன்கிழமை, இரண்டு மணி நேரம். அதில் ஒன்றரை மணி நேரம், சோபாவில் பிள்ளை உட்கார்ந்திருக்கிற படம், மீனைப் பார்க்கிற படம், மிதியடியில் கால் துடைக்கிற படம் என்று எடுத்து ஏற்றுவதற்கே சரியாகப் போய்விடும்.

முதல் புதன்கிழமையே வேல்ராஜ் மகளை அழைத்துக்கொண்டு போனான். அன்றைக்கு அவன்தான் தலை பின்னிவிட்டிருந்தான். தோல் கைப்பிடி பின்னுகிற கை, ஜடை இறுகிப்போய்ப் பிள்ளையின் புருவம் மேலே ஏறியிருந்தது. விஷயத்தைத் தன் பட்டறை இந்தியில் சொன்னான். ஜோயா முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு டேப்லட்டில் முத்துமாரியின் பெயரைப் போட்டாள். பச்சைக் கலரில் பதில் வந்தது. 'மகிழ்ச்சி: நிலை ஐந்து. ஆலோசனைக்கு அனுமதி இல்லை.'

"பாயி, சிஸ்டம்ல உங்க பொண்ணு குஷியா இருக்கா," என்றாள் இந்தியில். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு டேப்லட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முத்துமாரியைக் கூப்பிட்டு மீன் தொட்டி பக்கத்தில் தரையில் உட்கார்த்தி, தானும் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் மீனைப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் போயிற்று. முத்துமாரி தொட்டிக்குள் ஒரு விரலை விட்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வாசலில் நின்ற வேல்ராஜ் ஒரு அடி முன்னால் வந்தான்.

ஜோயாவின் ஃபோன் அடித்தது. செம்பூர் ஆபீஸ். கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் இல்லாத ஒரு குழந்தை அறைக்குள் இருக்கிறது, அது மீனைத் தொடுகிறது, இது திட்ட வளத்தை முறைகேடாகப் பயன்படுத்துவது ஆகும். முத்துமாரி விரலை எடுத்துவிட்டாள். வாயும் மூடிக்கொண்டது.

ஜோயா எழுந்து நின்றாள். செம்பூரில் விண்ணப்பம் கொடுத்தால் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். "மாஃப் கரோ, பாயி," என்றும் சொன்னாள். இந்த முழுத் திட்டத்திலும் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

ஜனவரியில் வேல்ராஜ் இன்னொரு அரை நாள் லீவு போட்டுச் செம்பூருக்குப் போனான். வந்தனா மேடம் அறையில் ஏசி ஓடியது. அங்கேயும் ஒரு மீன் தொட்டி இருந்தது, பள்ளியில் இருப்பதைவிடப் பெரிசு. மேடம் அன்பாகவே பேசினார். அன்பாகப் பேசுகிறவர்களிடம் என்ன செய்வது என்று வேல்ராஜுக்குத் தெரியாது. திட்டுகிற சேட்டிடம்தான் அவனுக்குப் பழக்கம்.

"லிஸ்ட்ல சேக்கலாம், தாராளமா. துயரச் சான்று குடுக்கணும். குழந்தை அழுததை நேர்ல பார்த்த ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து. தேதி, நேரம், எத்தனை நிமிஷம்னு போடணும்."

"அவ அழமாட்டேங்கா மேடம். அதான் எங்களுக்குச் சங்கடமே."

"அழாத குழந்தைக்கு எதுக்குங்க கவுன்சலிங்?"

"அவ அம்மா செத்துப்போயிட்டா மேடம், ஜூலையில. அதுக்கப்புறம் பேச்சே கிடையாது."

"ஐ ஆம் ஸோ சாரி," என்றார் மேடம். நிஜமாகவே முகம் வாடியது. "ஆனா மிஸ்டர் வேல்ராஜ், நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். மரணம்கறது ஒரு நிகழ்ச்சி. நிகழ்ச்சிக்கு நாங்க மானியம் தர்றதில்ல, குறியீட்டுக்குத்தான் தர்றோம். நாளைக்கு எல்லாரும் எங்க வீட்ல சாவு, எங்க வீட்ல சாவுன்னு வந்து நின்னா, திட்டம் என்னத்துக்கு ஆகும்?"

வேல்ராஜ் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றான். அவன் நின்ற நிலை மேடத்துக்கு இரக்கத்தை உண்டாக்கியிருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு மனசைத் திறந்தார்.

"நீங்க நினைக்கலாம், ஆபீசர்களுக்கு மனசே இல்லன்னு. இந்தத் திட்டத்தை எழுதும்போது நான் மூணு நாள் தூங்கல. லோனாவலா மலையில ஒரு ரிசார்ட்ல உட்கார்ந்து எழுதினோம். வெளியில அப்படி மழை. ஏழைக் குழந்தைங்க வலிய நினைச்சு நினைச்சு எல்லாருமே அழுதுட்டோம். அப்புறம் சாப்பிடக்கூட லேட்டாப் போனோம்னா பாருங்க. ஒரு குழந்தையக் கூட்டிட்டு வந்து பேசலாமான்னு ஒரு ஜூனியர் கேட்டான். நான்தான் வேண்டாம்னேன். குழந்தை வந்தா கவனம் சிதறும்."

"சரி மேடம்," என்றான் வேல்ராஜ். பஸ்ஸில் வரும்போது, அந்த ரிசார்ட்டில் பெய்த மழையும் மாரிசெல்வியைக் கொன்ற மழையும் ஒரே மழைதானோ என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. ஜன்னல் வழியாகத் துப்பினான், கண்டக்டர் ஏசினார்.

மார்ச் பிறந்தது. மேலிருந்து புதுக் காகிதம் வந்தது. ஹெட்மாஸ்டர் அதையும் நம்பினார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் துக்கப் பட்டியல் ஆறு பேருக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் திட்டம் வெற்றி, அடுத்த வருஷமும் மானியம். இறங்காவிட்டால் சோபாவைத் திருப்பித் தர வேண்டும்.

ஜம்பு சார் பலகையைத் துடைத்தார். "விசில் ரெண்டு தடவ அடிச்சா சிரிப்பு. ஹா ஹா ஹான்னு மூணு. பல் தெரியணும், ஈறு தெரியப்படாது. இதுக்கு பிஸ்கட் கெடையாது, பட்ஜெட் முடிஞ்சுடுத்து," என்றார். பிள்ளைகளுக்கு இது அவ்வளவு பிடிக்கவில்லை. சிரிக்கச் சொல்லிச் சிரிப்பது அழுவதைவிடக் கஷ்டம் என்று கண்டுகொண்டார்கள்.

பதினைந்தாம் தேதியே ஜோயாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துக்கம் ஒழிந்த பிறகு ஆலோசகர் எதற்கு?

இதற்கிடையில் செம்பூர் கம்ப்யூட்டரில் ஒரு அதிசயம் நடந்திருந்தது. முத்துமாரியின் பெயரை யாரும் தொடவில்லையா, அதனால் அது தானாகவே மாதாமாதம் 'நிலை ஐந்து' என்று போட்டுக்கொண்டே வந்திருந்தது. எட்டு மாதம் ஒரு நாள்கூட மகிழ்ச்சி குறையாத குழந்தை மாநிலத்திலேயே மூன்றுதான், அதில் ஒன்று இவள். நிறைவு விழாவுக்கு அவளை 'மகிழ்ச்சித் தூதர்' என்று அறிவித்தார்கள்.

வேல்ராஜ் ஹெட்மாஸ்டரிடம் ஓடினான். "சார், அவளப் போயி மேடையில ஏத்துதீங்களே. அவ பேசமாட்டா சார். உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும் ஓய். அவ ஒண்ணும் பேச வேண்டாம். பொக்கே குடுத்தாப் போறும். நான் என்ன பண்றது சொல்லும், பேரு மேலேர்ந்து வந்திருக்கு," என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட வேல்ராஜுக்கு வாய் துடித்தது. கையில் வேறு பள்ளிக்கூடம் இல்லை. தலையாட்டினான்.

விழா மார்ச் முப்பதாம் தேதி மூன்று மணிக்கு. சந்து முழுக்க அடைத்து ஷாமியானா பந்தல். மேடையில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு தேங்காய். சால்வை போர்த்தவே முக்கால் மணி நேரம் ஆனது. மேடம் ஹெட்மாஸ்டருக்குப் போர்த்தினார், ஹெட்மாஸ்டர் மேடத்துக்குப் போர்த்தினார், மீன் தொட்டி சப்ளை செய்தவருக்கும் போர்த்தினார்கள். வராந்தாவில் உட்கார்ந்து படித்த இரண்டாம் வகுப்புக்கு யாரும் போர்த்தவில்லை. ஜம்பு சார் இரண்டு விசில் அடித்தார். பிள்ளைகள் ஹா ஹா ஹா என்றார்கள். மேடம் மைக்கைப் பிடித்தார்.

"போன ஆகஸ்ட்ல நான் இங்க வந்தப்போ இந்தப் பள்ளியில அறுபத்தோரு உடைஞ்ச இதயங்களைப் பார்த்தேன். இன்னிக்கு ஒண்ணுகூட இல்ல. எங்கே போச்சு அந்தத் துயரம்? நான் சொல்றேன். திட்டமிட்டா துயரத்தை ஒழிக்கலாம். கக்கூஸ் கட்டறதுக்கும் குழாய் போடறதுக்கும் ரொம்ப செலவாகும். ஆனா சிரிப்புக்கு என்ன செலவு? ஒரு அரசாங்கம் குடுக்கக்கூடிய மலிவான விஷயம் மகிழ்ச்சிதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். முத்துமாரி பொக்கேயோடு மேடை ஏறினாள். கொடுத்துவிட்டு இறங்கியிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். மேடம் குனிந்து, மைக்கை அவள் வாயருகில் கொண்டுபோனார். செம்பூரில் எதிரில் நின்று வேல்ராஜ் சொன்னது ஒன்றும் அவர் நினைவில் இல்லை. துயரச் சான்று இல்லாத விஷயம் எப்படி நினைவில் இருக்கும்?

"சொல்லு கண்ணா. எப்பவும் இவ்வளவு சந்தோஷமா இருக்கியே, உன்னப் பார்த்து வீட்ல அம்மா என்ன சொல்றாங்க?"

முத்துமாரி மைக்கைப் பார்த்தாள். ஷாமியானாவின் ஓரத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். மணி நாலாகப்போகிறது.

"எங்கம்மா செத்துட்டா," என்றாள்.

எட்டு மாதத்தில் ஒரே வார்த்தை பேசின குரல், ஸ்பீக்கரில் சந்து முழுக்கக் கேட்டது. "மழையில செத்துட்டா. எனக்குத் தண்ணி பிடிக்கத் தெரியல. குடம் கனக்கு."

சொல்லிவிட்டு அழுதாள். அது விசிலுக்கு வந்த அழுகை இல்லை. வாய் கோணி, மூக்கொழுகி, ஜடை அவிழ, நடுவில் மூச்சே வராமல் நின்று மறுபடி பிடித்துக்கொள்கிற அழுகை. வேல்ராஜ் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

அவன் மேடைக்குப் போய்ச் சேருவதற்குள் முன் வரிசையில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அழ ஆரம்பித்தான். அவனுக்குக் கணக்கு சுலபம், அழுதால் பிஸ்கட். பக்கத்திலிருந்தவளும் ஆரம்பித்தாள். தோள் குலுங்க, மூக்கை உறிஞ்சி, துடைக்காமல். அறுபத்தொன்று என்ன, இருநூறும் அழுதது. பிரம்மநாயகம் பழக்க தோஷத்தில், மேடைக்காரர்களுக்கு வைத்திருந்த பிஸ்கட் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ஜம்பு சார் பதறிப்போய் இரண்டு விசில் அடித்தார், பிள்ளைகள் ஹா ஹா ஹா என்றார்கள், மறுபடி அழுதார்கள். எது ஒன்று எது இரண்டு என்று அவருக்கே குழம்பிவிட்டது. அழுகையும் சிரிப்புமாக மாறி மாறி வந்தது. ஹெட்மாஸ்டர் தேங்காயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேடத்தின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு டேப்லட்டை எடுத்தார், கூட்டத்தை எண்ணினார். எண்ண எண்ண அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"அனந்தநாராயணன் சார், இது நூத்தித் தொண்ணூறுக்கு மேல இருக்கும் போலிருக்கே?"

"இருக்கும், மேடம். மன்னிச்சுடுங்கோ, மேடம்."

"எதுக்கு மன்னிப்பு? ரெண்டாம் கட்ட மானியத்துக்கு நூறு இருந்தாப் போதும். ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்க. அந்தச் சின்னப் பொண்ணை க்ளோசப்ல எடுங்க. எவ்வளவு இயற்கையா அழறா பாருங்க."

கேமராக்காரன் வேல்ராஜைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். வேல்ராஜ் மகளைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினான். ஹெட்மாஸ்டர் ஒரு ஃபாரத்தோடு பின்னாலேயே ஓடி வந்தார். சால்வை தரையில் இழுபட்டது.

"ஓய், கொழந்தை அழுதுடுத்து. இனிமே கவலையே இல்ல. சாட்சி நான் போடறேன், ஜம்புவும் போடுவார். மூணு ஐம்பத்தெட்டுக்கு ஆரம்பிச்சா, நான் வாட்ச் பார்த்தேன். ஜூன்ல லிஸ்ட்ல சேத்துடலாம். எத்தனை நிமிஷம்னு மட்டும் சொல்லிடும்."

"இன்னும் முடியல சார்," என்றான் வேல்ராஜ். "அழுது முடிக்கட்டும்."

அவள் வழியெல்லாம் அழுதாள். அழாதே என்று அவன் சொல்லவில்லை. குழாயடியில் அன்றைக்கு அவன்தான் குடத்தைப் பிடித்தான். வரிசையில் நின்ற பெண்கள் இடம் விட்டார்கள். அவள் பக்கத்தில் நின்று, விக்கலுக்கு நடுவில், அம்மா குடத்தை எப்படி இடுப்பில் ஏற்றுவாள், ஆஸ்பத்திரியில் தன்னிடம் என்ன சொன்னாள், தான் ஏன் பதில் சொல்லாமல் விட்டோம் என்று பேசினாள். குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடச் சொல்லவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது வாசலில் ஒரு பேனர் தொங்கியது. 'மலர்ந்த முகம், இரண்டாம் கட்டம்.' இடது பக்கம் 'முன்பு' என்று போட்டு முத்துமாரியின் அழுத முகம், மூன்றடிக்கு மூன்றடி, மூக்கு ஒழுகியது உள்பட. வலது பக்கம் 'பின்பு' என்று போட்டு ஒரு சிரித்த முகம். முத்துமாரியின் சிரித்த படம் அவர்களிடம் ஏது? அதனால் வேறொரு பெண்ணின் படத்தைப் போட்டிருந்தார்கள். ஜடை மட்டும் ஒன்றுபோல இருந்தது.

வேல்ராஜ் அதைப் பார்த்தான். பட்டறைக்குப் போனான், தோல் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, பிரம்மநாயகத்தின் ஸ்டூலிலேயே ஏறி நின்று, மகளின் முகத்தை நாலு பக்கமும் நேராக வெட்டி எடுத்தான். ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. பிரம்மநாயகம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

பத்து நாளில் செம்பூரிலிருந்து கடிதம் வந்தது. அரசு உடைமைக்குச் சேதம் விளைவித்த மேற்படி தகப்பனாருக்கு மனநல ஆலோசனை அவசியம் என்று கருதப்படுகிறது. ஆயினும் இத்திட்டத்தின் கீழ் நாலாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு நிதி ஒதுக்கீடு இல்லை என்பது வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது. கீழே வந்தனா மேடத்தின் கையெழுத்து, பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு முத்திரை.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. தாராவியில் மழைக்கு முன்னால் எல்லாரும் பழைய பேனரைத் தேடிக் கூரையில் போடுவது வழக்கம். கட்சித் தலைவர்களும் நகைக்கடை விளம்பர நடிகைகளும் இங்கே கூரைகளில் மழையில் நனைவார்கள். முத்துமாரி, மூலையில் சுருட்டி வைத்திருந்த தன் முகத்தை விரித்துப் பார்த்தாள்.

"சே, இதுல நான் நல்லாவே இல்ல," என்றாள். அண்ணாந்து பார்த்தாள். "எப்பா, அம்மா படுக்கிற இடத்துல ஒழுகுது. இத மேல போடு."

வேல்ராஜ் தகரத்தின் மேல் ஏறி அதை விரித்து, நாலு செங்கல்லை வைத்தான். 'மலர்ந்த முகம்' திட்டத்தால் அந்த வீட்டுக்குக் கிடைத்தது மொத்தம் மூன்றடிக்கு மூன்றடி. இதுவரைக்கும் ஒழுகவில்லை.